கட்டைவிரலும் கைப்பேசியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, நம் கல்விக் கழகத்தை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவரும் பெரியோர்களே, இன்று தோட்டத்து ஜீப்பில் ஏறாமல் ஒருநாள் கூலியை இழந்து இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே!

கணிப்பொறி, மின்னஞ்சல், கைப்பேசிச் செய்தி ஆகியவற்றைப் பாதுகாப்பாகக் கையாள்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாம் தயங்கினோம். நாம் படித்தது பி.ஏ. வரலாறு, அதன்பின் பி.எட். கல்லூரியில் படித்த நாளில் கணிப்பொறியைக் கண்ணாலும் கண்டதில்லை. பின்னர் பள்ளிக்கு முதற் கணிப்பொறி வந்தபோது, அதற்குத் துணி உறை போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட ஒரு தலைமையாசிரியரின் கீழ்ப் பணியாற்றினோம். அவ்வறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஓராண்டு முழுவதும் மாணவர் எவரும் நுழையவில்லை. செருப்பைக் கழற்றியது மின்வாரியத்து ஊழியர் மட்டுமே. இத்தகைய நாம் இத்தலைப்பில் பேசத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இத்துறையில் நாம் ஏமாந்திருக்கிறோம். ஏமாந்தவன் சொல்லுக்கும் ஒரு பயன் இருக்கக்கூடும்.

ஆனால் நம் கதைக்கு முன் நம் பாட்டனார் கதையைச் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்து அறியாதவர். ஒரு பஞ்ச காலத்தில் நூற்றைம்பது ரூபாய் கடன் வாங்கினார். எழுதப்பட்ட பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்டினார். பாட்டனார் கேட்டுத் தலையசைத்து, மையில் கட்டைவிரலைத் தோய்த்து ஒற்றினார். வாசித்தவர் வாயில் நூற்றைம்பது. தாளில் இருந்தது முந்நூற்றைம்பது. அத்தொகைக்காக நம் தந்தையார் ஒன்பது வயதிலிருந்து பதினாறு வயதுவரை பிறர் மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்தார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே நம்மைச் சேர்க்க வந்த நாளில்தான். இக்கூட்டத்தில் இருக்கும் முதியோர் பலருடைய வீட்டிலும் இதுபோல ஒரு பத்திரம் இருந்திருக்கும். "என் பிள்ளை தானே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்" என்ற எண்ணத்தில்தான் நம் தெருவில் பலர் பட்டினி கிடந்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர்; இக்கழகமும் அந்த எண்ணத்தில் பிறந்ததே.

இன்று பிள்ளைகள் படித்துவிட்டனர். பட்டதாரிகள் நம் தெருவிலேயே பலர் உள்ளனர். அவர்கள் கையில் கைப்பேசி உள்ளது. அதன் கண்ணாடியில் அதே கட்டைவிரலை நாளொன்றுக்கு நூறு முறை ஒற்றுகின்றனர். 'சம்மதம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒற்றுவதற்கு முன், அதற்கு மேலே எழுதியிருப்பதை வாசித்தவர் யார் என்று நம் பள்ளியில் ஒருநாள் பிளஸ் டூ வகுப்பில் கேட்டோம். எவரும் கை தூக்கவில்லை. நாமும் தூக்கியிருக்க முடியாது.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம். முகூர்த்த நாள்கள் நிறைந்த காலம். பழைய சக ஆசிரியர் ஒருவர் எண்ணிலிருந்து வாட்ஸப்பில் நமக்கு ஒரு செய்தி வந்தது. 'திருமண அழைப்பிதழ், அவசியம் வரவும்' என்று எழுதி, கீழே ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருப்பது நமக்குத் தெரியும். மகிழ்ச்சியோடு தொட்டோம். பத்திரிகை திறக்கவில்லை. 'இதை நிறுவலாமா?' என்று கைப்பேசி கேட்டது. ஆம் என்றோம். 'குறுஞ்செய்திகளைப் படிக்க இதற்கு அனுமதி தரலாமா?' என்று கேட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு நம் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டிய தேவை என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்டிருக்கும். நாம் கேட்கவில்லை, ஆம் என்றோம். ஒன்றும் தோன்றாததால் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றுவிட்டோம்.

நண்பகலுக்குள் அதே பத்திரிகை நம் பெயரில், நம் எண்ணிலிருந்து, நாம் அறிந்த ஏறத்தாழ எல்லோருக்கும் சென்றுவிட்டது. கணிப்பொறி தெரிந்த இளைய ஆசிரியர் ஒருவர் ஓடிவந்து, அதை நீக்கிக் கைப்பேசியைத் துடைத்துக் கொடுத்தார். நம் கணக்கில் ஒரு காசும் போகவில்லை. போனது வேறொருவருடையது. சத்துணவுக் கூடத்தில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், 'தலைமையாசிரியர் அனுப்பியிருக்கிறார்' என்று எண்ணித் திறந்திருக்கிறார். மறுநாள் விடியுமுன் அவர் வங்கிக் கணக்கிலிருந்து 8,400 ரூபாய் மறைந்துவிட்டது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, அதாவது ஓ.டி.பி., குறுஞ்செய்தியாகத்தானே வரும்? அதை அவருக்கு முன்பே அந்தப் 'பத்திரிகை' படித்துக் கயவனுக்கு அனுப்பிவிட்டது. நாம் அத்தொகையைக் கொடுக்கச் சென்றோம். அம்மையார் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். "சார் வேணும்னா செஞ்சீங்க?" என்றார். ஒரு தலைமையாசிரியர் முப்பது ஆண்டுகளில் சம்பாதித்த நல்ல பெயரைத் திருடர்கள் அரை நாளில் தூண்டிலாக மாற்றிவிட்டனர் என்பதுதான் நம்மை இன்றும் உறுத்துவது.

இது புதிய சூழ்ச்சி அன்று. நம் கழகம் தொடங்கிய அதே 2000ஆம் ஆண்டு, மே மாதம் 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரிலிருந்து உலகம் முழுமைக்கும் ஒரு மின்னஞ்சல் பரவியது. அதன் தலைப்பு 'ஐ லவ் யூ'. உள்ளே ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லியது. அனுப்பியவர் பெயரோ, பெறுபவர் நன்கு அறிந்த பெயர். சில அலுவலகங்களில் மேலதிகாரியின் பெயர்! யார்தான் திறக்காமல் இருப்பர்? திறந்ததும் அது அக்கணிப்பொறியில் இருந்த படங்களை அழித்தது. பிறகு முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. அமெரிக்கப் படைத் தலைமையகமும் தப்பவில்லை. அன்று காதல் கடிதம். நமக்கு வந்தது கல்யாணப் பத்திரிகை. கால் நூற்றாண்டில் திருடன் இவ்வளவுதான் முன்னேறியிருக்கிறான்.

அக்கடிதம் எப்படி ஏமாற்றியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இது ஒன்று புரிந்தால் பாதி புரிந்ததாகும். கணிப்பொறியில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் ஒரு வால் உண்டு. புள்ளிக்குப் பின் வரும் மூன்று நான்கு எழுத்துகளே அந்த வால். புகைப்படம் என்றால் ஜே.பி.ஜி.; வெறும் எழுத்து என்றால் டி.எக்ஸ்.டி.; அச்சிடத்தக்க தாள் என்றால் பி.டி.எஃப். இவை பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உரியவை. ஈ.எக்ஸ்.ஈ., வி.பி.எஸ்., ஏ.பி.கே. என்னும் வால்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் 'இதைச் செய், அதைச் செய்' என்று ஆணையிடும் நிரல்கள். அவற்றைத் திறப்பது கடிதம் படிப்பதாகாது; அன்னியன் ஒருவனை வீட்டுக்குள் விட்டுச் சாவியையும் கொடுப்பதாகும். காதல் கடிதத்துக்கு இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால் டி.எக்ஸ்.டி., அதன்பின் வி.பி.எஸ். அக்காலத்து விண்டோஸ் மென்பொருள் கடைசி வாலை வழக்கமாக மறைத்துக் காட்டும். ஆகவே பார்த்தவர் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. நமக்கு வந்த பத்திரிகைக்கு வால் மறைக்கப்படவும் இல்லை. ஏ.பி.கே. என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. நாம்தான் வாசிக்கவில்லை.

வாலைப் பார்த்தால் போதுமா என்றால், போதாது. 1999 மார்ச்சில் பரவிய 'மெலிசா' என்னும் வைரஸ், சாதாரண வேர்டு ஆவணத்துக்குள் ஒளிந்து வந்து, முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பியது. ஆதலால் எதிர்பாராமல் ஒரு கோப்பு வந்தால், அனுப்பியவர் தம்பியே ஆயினும், வேறு வழியில் அவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வாட்ஸப்பில் வந்தால் வாட்ஸப்பிலேயே 'நீயா அனுப்பினாய்?' என்று கேட்பதில் பொருளில்லை. திருடனே 'ஆம்' என்று விடையளிப்பான். எண்ணை அழைத்துக் குரலைக் கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். நாம் அந்த நண்பரை அழைத்திருந்தால், "என் மகளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லையே" என்று சொல்லியிருப்பார்.

மணிலாவில் அதை எழுதியவரைப் பற்றி ஒரு சொல். ஒனெல் டி குஸ்மான் என்பது அவர் பெயர். கணிப்பொறிக் கல்லூரி மாணவர். இணையக் கடவுச்சொற்களைக் கவரும் முறையைப் பற்றியே பட்டப்படிப்புக்கான ஆய்வேட்டை எழுத முனைந்தார், கல்லூரி ஏற்கவில்லை. காசு கொடுத்து இணையத்தைப் பயன்படுத்த வசதியில்லாததால்தான் பிறர் கடவுச்சொல்லைத் திருட இதை எழுதியதாக, இருபது ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளரிடம் அவர் ஒப்புக்கொண்டார். அப்போது மணிலாவில் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். அவரைத் தண்டிக்க அந்நாட்டில் அன்று சட்டம் இல்லை. அடுத்த மாதமே இயற்றினர். நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று பிறர் கடவுச்சொல்லைக் களவாடிப் பயன்படுத்தினாலும், பிறர்போல நடித்துக் கணிப்பொறி வழியே ஏமாற்றினாலும் மூன்றாண்டுவரை சிறை உண்டு. திறமை மிக்க ஓர் ஏழை மாணவன் திருடனானதை எண்ணி நாம் வருந்துகிறோம். ஆனால் அவன் ஏழ்மையைக் கேட்டு இரங்கி, செய்ததைச் சரி என்று சொல்ல இந்த மேடையில் நமக்கு மனமில்லை. ஏழைகளாகவே பிறந்து வேறு வழியில் நடந்தவர்களும் உள்ளனர்.

வைரஸைத் தமிழில் 'நச்சுநிரல்' என்று எழுதுவர். நம் பிள்ளைகள் வைரஸ் என்றே சொல்கின்றனர். நாமும் அவ்வாறே சொல்வோம். அது காற்றில் வருவதன்று, தூசியில் வருவதன்று, செருப்பில் ஒட்டிக்கொண்டும் வருவதன்று. மனிதன் உட்கார்ந்து எழுதிய நிரல் அது. 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்னும் உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்பதே ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளுக்கான முதல் வைரஸ் என்பர். தம் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவரைப் பிடிக்க எழுதினராம். தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் அதற்குள் எழுதி வைத்திருந்தனர். முகவரி கொடுத்துவிட்டுத் திருட வந்த காலமும் ஒன்று இருந்தது!

வைரஸை எதிர்க்கும் மென்பொருள் என்ன செய்கிறது? காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் கைரேகையை வைத்திருப்பதுபோல, அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வரும் கோப்பு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சந்தேகமாக நடந்துகொள்ளும் நிரலையும் தடுக்கிறது. நாள்தோறும் புது வைரஸ் வருவதால் அந்தப் பட்டியலும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இத்தொழிலை வெள்ளைக்காரர்தாம் செய்ய முடியும் என்று எண்ணாதீர்கள். சென்னையில் கேசவர்தனன் என்பவர் 1991இல் தொடங்கிய கே7 நிறுவனத்தின் மென்பொருள் ஜப்பான்வரை சென்று விற்பனையானது. புனே நகரத்துக் கைலாஷ் கட்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கால்குலேட்டர் பழுதுபார்த்தவர். தம்பியைக் கணிப்பொறி படிக்க வைத்தார். தம்பி நிரல் எழுத, அண்ணன் கடைகடையாக ஏறி விற்றார். அதுவே குயிக் ஹீல் நிறுவனம். இரண்டு பழுதுபார்க்கும் கடைகளைப் பற்றிச் சொல்லிவிட்டோம். மணிலாக் கடையையும் புனேக் கடையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் இன்னொரு வழியும் முயலப்பட்டது. திருவாரூரில் மாவட்ட ஆட்சியராக இருந்து வட்டாட்சியர் அலுவலகப் பணிகளைக் கணிப்பொறியில் ஏற்றிய உமாசங்கர் அவர்கள், பின்னர் அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006, 2007ஆம் ஆண்டுகளில், உரிமக் கட்டணம் கேட்காத லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருளை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டு வர முனைந்தார். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ், 2011 செப்டம்பரில் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் அதில் வேலை செய்யாது. நம் பிள்ளைகளோ அப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. திரைப்படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கைமாற்றிக்கொண்டு, வகுப்பு முழுவதற்கும் ஒரே வைரஸைப் பங்கிட்டுக்கொண்டனர். கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறிப் பாடக்குறிப்புகள் காணாமற் போன அந்த ஆண்டு நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மென்பொருளைப் புதுப்பிப்பது பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டனர். நம் படிப்பகத்தில் உள்ள நான்கு கணிப்பொறிகளும் விண்டோஸ் 10 வகை. அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. அவற்றில் இரண்டை விண்டோஸ் 11க்கு மாற்ற இயலும். மற்ற இரண்டுக்கு வயதாகிவிட்டது, லினக்ஸ் போடுவதே முறை. செலவில்லாத வேலை இது. செயற்குழு இதை மறுக்காது என்று நம்புகிறோம்.

இனி மின்னஞ்சல். இங்கேதான் நம் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு நேர்கிறது; திருடன் வராமலேயே நேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி பொறியியல் படிப்புக்கு விண்ணப்பித்தாள். 2018 முதல் அக்கலந்தாய்வு இணைய வழியில்தான் நடக்கிறது. பிரவுசிங் சென்டர் ஒன்றில் பதிந்தாள். அவளுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை. கடைக்காரர் தாமே ஒன்றை உருவாக்கினார். கடவுச்சொல் அவர் குறிப்பேட்டில் இருந்தது. தொலைபேசி எண்ணாகத் தந்தையின் எண்ணைக் கொடுத்தனர். தந்தையோ கம்பம்மெட்டுக்கு அப்பால், இடுக்கி மலையில் கோபுரச் சமிக்ஞை எட்டாத ஏலத்தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். இடம் ஒதுக்கப்பட்ட செய்தி வந்தது. குறித்த நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். கடை ஆடித் திருவிழாவுக்காக மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. நான்காம் நாள் கடை திறந்தபோது இடம் போய்விட்டது.

கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவர் கேட்ட கூலிக்கு உரிய வேலையைச் செய்தார். "கடைக்குப் போய்ப் பதிந்து வா அம்மா" என்று அனுப்பியவர்கள் நாம்தாம். பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்த பள்ளி, அவளுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்கவில்லை. அவள் அவ்வாண்டு கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். இன்று நல்ல நிலையில் இருக்கிறாள், இம்மன்றத்திலும் இருக்கிறாள். அதனால் அன்றைய தவறு சிறிதாகிவிடவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைப்பதை ஊரே ஊகிக்கும். தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமாக வைத்தால் நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் இயலாது. மின்னஞ்சலுக்கு வைத்ததை வங்கிக்கு வைக்காதீர்கள். இரண்டாம் பூட்டாகக் கைப்பேசியில் உறுதி கேட்கும் வசதி ஒன்று உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். கடையில் திறந்தால் 'கடவுச்சொல்லை நினைவில் வைக்கலாமா?' என்று கணிப்பொறி கேட்கும். 'வேண்டாம்' என்று சொல்லி, எழுந்திருக்குமுன் வெளியேறிவிட்டு எழுங்கள். கல்வி உதவித்தொகை, நுழைவுச்சீட்டு என்று அஞ்சல் வந்தால் அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள். பெயரை யாரும் எப்படியும் எழுதலாம். முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். நம் அரசுத் துறைகளின் இணைய முகவரி பெரும்பாலும் 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்றோ 'என்.ஐ.சி. புள்ளி ஐ.என்.' என்றோ முடியும். இங்கும் வாலைத்தான் பார்க்க வேண்டும். வால் சரியாக இருந்தாலும், கடவுச்சொல்லோ பணமோ கேட்கும் அஞ்சலை நம்பாதீர்கள். அதிலுள்ள லிங்கைத் தொடாமல், துறையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள்.

தமிழில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. தமிழ் எழுத்து கணிப்பொறியில் ஒழுங்காகத் தெரிவதற்கே அறிஞர்கள் அரும்பாடு பட்டனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் பயனாகத்தான் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. அதற்கு முன் ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவருக்கு வெறும் கோணல் எழுத்தாகத் தெரிந்த காலம் உண்டு. இன்று எல்லாக் கைப்பேசியிலும் நல்ல தமிழ் தெரிகிறது. கயவனும் நல்ல தமிழ் கற்றுக்கொண்டுவிட்டான்.

வாட்ஸப்பை உருவாக்கியவருள் ஒருவர் ஜான் கூம். உக்ரைனிலிருந்து பதினாறு வயதில் தாயோடு அமெரிக்கா சென்றவர். தாய் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மகன் மளிகைக் கடையில் தரை கூட்டினார். அரசு தரும் இலவச உணவுச் சீட்டுக்காக இருவரும் வரிசையில் நின்றனர். 2009இல் வாட்ஸப்பைத் தொடங்கி, 2014இல் 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக்குக்கு விற்க உடன்பட்டபோது, முன்னர் வரிசையில் நின்ற அந்த நலத்துறை அலுவலகக் கட்டடத்தின் கதவருகே சென்று நின்று கையெழுத்திட்டார். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

2016 முதல் வாட்ஸப்பில் ஒருவர் எழுதுவது மற்றவர் கைப்பேசியைச் சேரும்வரை பூட்டப்பட்டே செல்கிறது. இடையில் எவரும் படிக்க முடியாது. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் பொய் இருந்தால் பொய் பத்திரமாக வந்து சேரும், அவ்வளவே. 2018இல் நம் மாநிலத்தில் 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றனர்' என்ற செய்தி வாட்ஸப்பில் பரவியது. அவ்வாண்டு மே மாதம் 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம் வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் அறுபத்தைந்து வயது மூதாட்டி இறந்தார். அவரை அடித்த கைகள் சில. அச்செய்தியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று அனுப்பி வைத்த கட்டைவிரல்கள் எத்தனை ஆயிரமோ! அவற்றுள் ஒன்றுகூடத் தண்டனை பெற்றிராது. இத்தகைய கொலைகளுக்குப் பின்னரே அவ்வாண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதவாறு இந்தியாவில் வாட்ஸப் வரம்பிட்டது.

சாதியை இழிவு செய்யும் செய்திகளைப் பற்றி நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களைக் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று பரவியதால் பெருங்கலவரம் மூண்டு தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. அத்தகைய பதிவு நம்மைப் பற்றி வந்தால் இரத்தம் கொதிக்கும், கொதிப்பதில் தவறில்லை. ஆனால் 'எப்படிப் பேசியிருக்கிறான் பார்' என்று பத்துக் குழுக்களுக்கு அனுப்பினால், அவன் விரும்பியதை நாமே முடித்துக் கொடுத்தவர்களாவோம். அனுப்பாதீர்கள். நாள், நேரம், எண், குழுவின் பெயர் தெரியுமாறு திரையைப் படமெடுத்து வையுங்கள், மூலத்தையும் அழிக்காதீர்கள். கழக வழக்கறிஞரிடம் கொண்டு வாருங்கள். இணையத்தில் ஏசினாலும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. அதே சட்டங்கள் நம் பிள்ளைகள் பிறரை ஏசினால் நம்மைக் காப்பாற்றா என்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறோம். நம் தெருவின் இளைஞர் குழுவில் சென்ற பொங்கலின்போது எழுதப்பட்ட சிலவற்றை நாம் படித்தோம். எழுதியவர்கள் இங்கேயே இருக்கின்றனர், பெயர் சொல்லவில்லை.

பணம் பற்றி. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கள் என்று பெற்றோரை அழைத்து ஏமாற்றும் கூட்டம் நம் மாநிலத்தில் உலவுகிறது. பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்வார்கள். தாய்மார்களே, இதைமட்டும் நினைவில் வையுங்கள்: பணம் நம்மிடம் வருவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைக் கேட்டால் பணம் போகப் போகிறது என்று பொருள். உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வரும். எவரும் அழைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நம் சத்துணவு அம்மையார் வெட்கத்தால் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

கடைசியாக, மெய்யான கட்டைவிரலைப் பற்றி. நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் நம் அப்பத்தாமார் வீட்டு வாசலிலேயே சிறு கருவியில் விரல் வைத்துப் பெறுகின்றனர். வங்கி ஏறி இறங்கும் அலைச்சல் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு விரல் வைத்துவிட்டு, 'சரியாகப் பதியவில்லை பாட்டி' என்று சொன்னதும் மறுபடியும் வைப்பவர்கள் உள்ளனர். இரண்டு முறை வைத்தால் இரண்டு முறை எடுக்கலாம் அன்றோ? கருவி தரும் அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைப் படிப்பிக்கும் வேலை பேரன் பேத்தியருடையது. விரல் தேவைப்படாத நாள்களில் ஆதார் நிறுவனத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வழியுண்டு. ஐயம் இருப்பின் 1947 என்ற எண்ணில் கேட்கலாம். நம் பாட்டனார் ஒற்றிய விரலைப் பூட்டுவதற்கு அவருக்கு வழியிருக்கவில்லை.

செயலாளரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு முதல் எட்டு வாரங்களுக்கு, மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் கூடுவோம். நம் கைப்பேசியைத் துடைத்துக் கொடுத்த அந்த இளைய ஆசிரியர் வருவதாக இசைந்துள்ளார். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் அனைவரும் வர வேண்டும். மின்னஞ்சல் திறந்து, இரண்டாம் பூட்டுப் போட்டு, வாட்ஸப்பில் நம்மையறியாமல் வேறு கருவி ஏதும் இணைந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவோம். வரும்போது வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரையும், அவரது கைப்பேசியையும் அழைத்து வரவும். மலையில் வேலை செய்பவர்கள் ஞாயிறன்று இறங்கிவிடுவர் என்பதாலேயே அந்நாளைத் தேர்ந்தோம். அறைக்குள் செருப்போடு வரலாம்.